பாக்கி

ஏற்காட்டில் ஆறரைக்குக் கிளம்புகிற பஸ்.
இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கினால் அடிவாரம்.
வளைவுக்கு ஒன்றாக இருபது சொல்,
மிச்சத்தை அஸ்தம்பட்டி வருவதற்குள் பார்த்துக்கொள்ளலாம்.
பத்து மணிக்குத் தேர்வு.
இலக்கணமும் கட்டுரையும், மூன்றாம் முறை.
போன முறை முப்பத்தேழு.

இருபதாம் வளைவில் மரூஉ.
ஏரிக்காடு ஏற்காடானது.
தேய்ந்தது மழையிலா வாயிலா என்று
கேட்கமாட்டார்கள். இரண்டு மார்க்.

பத்தொன்பது, உவமைத்தொகை.
நோட்டில் மலர்க்கை என்று இருக்கிறது.
வெளியே மஞ்சள் பலகையில்
கொண்டை ஊசி வளைவு என்று இருக்கிறது.
ஊசிக்கும் வளைவுக்கும் நடுவே
ஒரு 'போன்ற' இருந்திருக்க வேண்டும்.
உருபு மறைந்து வரும், என்கிறது நோட்டு.
எதிர் லாரியும் அப்படித்தான் வருகிறது,
மாதப்பன் ஹாரனை விடாமல் அழுத்துகிறார்.

பதினெட்டில் இடக்கரடக்கல்.
எமல்டா டீச்சரின் பையன் பின்சீட்டில்
"மம்மி, ஒண்ணுக்கு" என்றான்.
இதைவிட நல்ல சான்று
எந்த உரையாசிரியருக்கும் கிடைத்திராது.

பதினேழில் ஒரு புதுப்பெண் வாந்தியெடுத்தாள்.
யாரோ மடியிலிருந்து எடுத்த எலுமிச்சை
கைமாறிக் கைமாறி முன்னால் போயிற்று.
என் கணக்கும் அதோடு போயிற்று.
பதினாறு, பதினைந்து,
குரங்குகள் உட்கார்ந்திருந்த ஒன்று,
எதற்கும் சொல் இல்லாமல் கடந்தோம்.
இந்தத் தடவையும் ஊத்திக்கும் ஊத்திக்கும் என்றது பிரேக்.
அது தற்குறிப்பேற்றம்.
பிரேக் ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் எங்கேயோ பனிக்குள்
ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்.
வால் அறுந்த ஒரு சின்னச் சொல்லுக்கு
இத்தனை நீளப் பெயர்.
ஓயாத மழை ஓயா மழை.
வாடாத பூ வாடாப் பூ.
தீரா அரியர் என்று எழுதினால்
திருத்துகிறவர் சிரிப்பார், மார்க் போடமாட்டார்.
'திரும்பா' என்று ஓரத்தில் எழுதினேன்.
பஸ் திரும்பியது.
பேனா கோடிழுத்துக்கொண்டு பக்கத்துப் பக்கத்துக்குப் போனது.

பெயரெச்சம் தனியே நிற்காது.
பின்னால் ஒரு பெயர் வேண்டும்.

பெயர் இருக்கிறது. குழந்தைவேலு.
சங்ககிரி லாரி, பத்துச் சக்கரம்,
ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு இந்தூருக்கு.
லாரி வந்தது, கிளீனர் ஓட்டிவந்தான்.
அப்போது நான் பத்தாவது.

ஏழு வருஷம் ஆயிடுச்சு, இனி
சர்டிபிகேட் வாங்கிடலாம் என்றார் வி.ஏ.ஓ.
தாளைப் படித்தும் காட்டினார்:
இறந்துவிட்டதாகக் கருதப்படுகிறார்.
"யாரால?" என்றாள் அம்மா.

காபிப் பழம் பறித்துச் சிவந்த விரலோடு
அவள் கேட்ட அந்த ஒரு சொல்லை
செயப்பாட்டு வினைக்கு மேல்
எந்தப் பக்கத்திலும் என்னால் எழுத முடிந்ததில்லை.

'போனார்' என்று அவள் சொல்லிக் கேட்டதில்லை.
போனார் முற்று. சொன்னால் முடிந்துவிடும்.
'போனவரு' என்பாள்.
போனவருக்குப் புளிச்சட்னின்னா உசுரு.
போனவரோட சட்டைய எலி கடிச்சிருச்சு.
வினையாலணையும் பெயர்:
காலம் காட்டும்,
வேற்றுமை உருபு ஏற்கும்,
ரேஷன் கார்டிலிருந்து நீங்காது.
(கடைசி விதி நோட்டில் இல்லை.)

கோரிமேட்டில் வெயில் வந்தது. ஸ்வெட்டரைக் கழற்றினேன்.
அஸ்தம்பட்டியில் இறங்கி நின்ற பிறகுதான்
டிக்கெட்டின் முதுகைப் பார்த்தேன்.
நீலப் பேனாவில் ஒரு 7, சுற்றி வட்டம்.
சில்லறை இல்லை, இறங்கும்போது வாங்கிக்கொள்
என்று அவர் சொல்லியிருந்தார்.
பஸ் புது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்விட்டது.

செர்ரி ரோட்டு மரத்தடியில் காகம் ஒன்று
ஹால் டிக்கெட் மேலேயே இட்டது.
அதற்கும் எச்சம் என்றுதான் பேர்.
பிள்ளைகளையும் அந்தக் காலத்தில் அப்படிச் சொன்னார்களாம்.
துடைத்துவிட்டு உள்ளே போனேன்.

பதினாலாம் கேள்வி:
முற்றையும் எச்சத்தையும் வேறுபடுத்திக் காட்டுக.
நான்கு மதிப்பெண்.
நோட்டில் இருந்ததை மட்டும் எழுதினேன்.
எனக்கு வேண்டியது மூன்று.

ஐந்தரைக்கு மேலே போவது அதே வண்டி.
டிக்கெட்டைக் கசக்காமல் வைத்திருக்கிறேன்.
கேட்க வேண்டும்.